நெப்டியூன் வரை ஒரே சுருதி

மாலை ஐந்தாகக் கால் மணி நேரம் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் விளக்கெரிந்த பலகையின் ஐந்தாவது வரியில் தடுமாறிக்கொண்டிருந்தார்.

பேசியவர் பஸ் டிரைவர். அண்ணனுடைய நண்பர். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்.

"தங்கச்சி, நான்தான். டிப்போவிலேருந்து பேசறேன். உங்க அண்ணன் என் வண்டியிலதான் ஏறினான். கடைசி ஸ்டாப் வந்தும் இறங்கல."

"தூங்கிட்டானா?"

"அப்படித்தான்மா நானும் நெனச்சேன்."

அவருக்குப் பின்னால் வண்டிகள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. இருட்டில் பெரியவர் தன்பாட்டுக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனார். முடித்துவிட்டு, "சரியா சொல்றேனாம்மா?" என்றார். சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் வேலை பார்த்தது பழங்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில். குளிரூட்டும் பெரிய மெஷினான கம்ப்ரசரை ஓட்டுவதும், எண்ணெய் பார்ப்பதும், அறைகளின் குளிர் ஏறாமல் இறங்காமல் காப்பதும் அவன் பொறுப்பு. இருபது வயதில் போனவன் வேறெங்கும் போகவில்லை. கிடங்குக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மறந்து, வெயில் கொளுத்தும் நாளிலும் அதோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பான். டிரைவர் அவனுக்கு வைத்த பெயர் ஸ்வெட்டர். பிறகு கண்டக்டர்கள், கிடங்கு ஆட்கள், ஒரு கட்டத்தில் மேனேஜரே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆப்பிள் பெட்டிகளில் பழம் அடிபடாமலிருக்க எந்தெந்த ஊர்ச் செய்தித்தாளையோ கசக்கித் திணித்து அனுப்புவார்கள். அப்படி ஒரு தாளில்தான் அவன் நெப்டியூனைப் பார்த்தான். ஆளில்லாத விண்கப்பல் ஒன்று ஆண்டுக்கணக்கில் போய் எடுத்தனுப்பிய படம். மொழி தெரியவில்லை. கறுப்பு நடுவில் ஒரு நீலப் பந்து, அவ்வளவுதான். கசங்கலை உள்ளங்கையால் நீவி, மெஷின் ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டினான். அது என்னவென்று அவனுக்குச் சொன்னவர் கீபோர்டு வாசிக்கும் கணக்கு வாத்தியார்.

"அங்க குளிர் எவ்வளவு இருக்கும் வாத்தியாரே?"

"மைனஸ் இருநூறு."

அண்ணன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். "அப்ப நம்ம கிடங்கு அடுப்படி மாதிரி."

வாத்தியார்தான் அவனுக்கு நீண்ட நீண்ட பாட்டுகள் உள்ள கேசட்டுகளையும் பழக்கினார். அந்த வகைக்கு ப்ராக்ரெசிவ் ராக் என்று பெயர். ஒரு பாட்டு ஓர் இடத்தில் தொடங்கும், நடுவில் வேறு தாளத்துக்குப் போகும், கிட்டார் தனியே எங்கோ அலையும், மறந்தே போன நேரத்தில் முதல் மெட்டு திரும்பி வரும். சில ஆல்பங்களில் எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. "உன் அண்ணன் ஒரு பாட்டைப் போட்டான்னா, நான் துணி தொவச்சு, காயப்போட்டு, மடிச்சும் வெச்சிடலாம்" என்பாள் அம்மா.

அப்படி ஒன்றைத் தானே செய்ய வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. பூமியிலிருந்து கிளம்புகிற ஒரு கப்பல். செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், கடைசியில் நெப்டியூன். பூமியைச் சேர்த்து ஆறு பாட்டு. ஒவ்வொரு பாட்டும் கப்பல் வீட்டுக்கு அனுப்பும் சேதி. அதை முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை இருந்ததாக நான் அறியேன். வீட்டுக்குக் கூரை மாற்றுவதற்குக்கூட அண்ணிதான் ஆசைப்பட்டாள்.

"யாருப்பா கேப்பாங்க இதை?" என்று வாத்தியார் ஒருமுறை கேட்டார்.

"அந்தக் கப்பல் அனுப்பறதை மட்டும் எத்தனை பேரு கேக்கறாங்க?" என்றான் அண்ணன்.

பாட நான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். எனக்குப் பெரிய குரல் கிடையாது. அதைச் சொன்னேன். "எனக்கும் பெரிய குரல் வேணாம். அவ்வளவு தூரத்திலேருந்து வர்ற குரல், மெலிஞ்சுதானே இருக்கும்" என்றான். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மெஷின் ரூமை ஒட்டி, காலிப் பெட்டிகள் அடுக்கும் அறையில் பயிற்சி. ஞாயிறு பிற்பகலில் கிடங்கில் ஆள் இருக்காது. மெஷின் மட்டும் ஓடும். சனிக்கிழமை இறங்கிய பெட்டிகளின் சூடு அடங்கும் வரை, ஞாயிறு முழுக்க அது நிற்காது. அறைக்குள் பழவாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்திருக்கும். குளிர் அறையின் கதவை யாராவது திறந்தால், தரையோடு வெண்புகை ஊர்ந்து வந்து எங்கள் கணுக்காலைச் சுற்றும். டிரம்ஸின் கால்கள் தெரியாது. வாத்தியாரின் கீபோர்டு ஆகாயத்தில் நிற்பது போலிருக்கும். கீழே தரை இல்லை என்று நம்பிக்கொண்டு பாடுவதற்கு அங்கே சிரமமே இல்லை.

அந்த இடத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

மெஷினுக்கு ஒரு சத்தம் உண்டு. கனமான, அறுபடாத ம்ம் என்ற இரைச்சல். அண்ணன் கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டினால், அந்த இரைச்சலோடு அது மோதி அலை அலையாக நடுங்கும். முதல் நாள் அது அவனை எரிச்சல்படுத்தியது. முறுக்காணியைக் கொஞ்சம் தளர்த்தினான். நடுக்கம் மெதுவானது. இன்னும் தளர்த்தினான். நின்றுவிட்டது. தந்தியும் மெஷினும் ஒரே ஆள் மூச்சு விடுவது போலாயின. அவன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். மற்ற தந்திகளையும் அதற்கேற்ப இறக்கினான். வாத்தியார் கீபோர்டில் ஏதோ பொத்தானை அமுக்கி அதையும் இறக்கினார். நானும் அதிலேயே பாடினேன். இரைச்சலை அடியில் வைத்தே பதிவு செய்தோம். அதுதான் கப்பல் ஓடுகிற சத்தம் என்றான் அண்ணன்.

இரண்டு பாட்டு முடிந்த பிறகு வாத்தியார் வேறொரு வீட்டில் டேப்பைப் போட்டு, அங்கிருந்த கீபோர்டில் கூடவே வாசிக்கப் பார்த்திருக்கிறார். எந்தக் கட்டையோடும் சேரவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருந்த இடுக்கில் நாங்கள் விழுந்துகிடந்தோம். அடுத்த ஞாயிறு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"எல்லாத்தையும் முதல்லேருந்து எடுக்கணும். நம்ம சுருதி உலகத்துல எந்த வாத்தியத்தோடயும் சேராது."

"உலகத்துலதானே?" என்றான் அண்ணன்.

வாத்தியார் சிரிக்கக் கூடாதென்று பார்த்தார். முடியவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தாளத்தில்தான் டிரைவரோடு வாராவாரம் மல்லுக்கட்டு. செவ்வாய்க்கு ஐந்து எண்ணிக்கை என்று அண்ணன் சொன்னபோது, "என் வண்டியில கியரே நாலுதாண்டா. அதுக்கு மேல எனக்கு எண்ண வராது" என்றார்.

"ரிவர்ஸையும் சேத்துக்கோ."

அதன்பின் அந்த ஐந்தாவது அடியை அவர் ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தார். சனிக்கு ஏழு எண்ணிக்கை. "சனின்னா ஏழரை இல்லையா?" என்று கேட்டு, அன்று முழுக்க யாரையும் வாசிக்க விடவில்லை.

பாட்டு வரிகள் அண்ணனுடையவை. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவன், அலங்காரமாக எழுதத் தெரியாதவன். ஊருக்குப் போனவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது போலத்தான் எழுதினான். செவ்வாயில் நான் பாடியது: 'இங்கே எங்கு பார்த்தாலும் தூசி. பெருக்க ஆளில்லை. மற்றபடி நலம்.' வியாழனில்: 'இங்கே ஒரு புயல். நான் பிறக்கும் முன்பே தொடங்கியது. போன பின்பும் ஓயாது. மற்றபடி நலம்.' எல்லாப் பாட்டும் அப்படியே முடியும். யுரேனஸ் வரும்போது அந்த 'மற்றபடி நலம்' என்பதை இரண்டு முறை பாடாமல் விட்டுவிட்டு, மூன்றாம் முறைதான் பாடினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அண்ணிக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. வீட்டில் அந்த இரைச்சல் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. குளிர்காலத்திலும் மின்விசிறி ஓட வேண்டும். "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா தெரியுமா? இரும்புல" என்பாள் என்னிடம். சொல்லிவிட்டு, அவன் படுத்ததும் விசிறியைப் போட்டு, தான் இரண்டு போர்வை போர்த்திக்கொள்வாள்.

ஐந்து பாட்டு முடிந்திருந்தது. நெப்டியூன் மட்டும் பாக்கி. அப்போது கிடங்கில் புது மெஷின் வைத்தார்கள்.

புதியது பாதி இடம்கூட அடைக்கவில்லை. சத்தமும் அப்படித்தான். மெல்லிய, உயர்ந்த, கொசு பறப்பது போன்ற ஒன்று. அண்ணன் தந்திகளை அதற்கு ஏற்றிப் பார்த்தான். நெப்டியூனைக் கொஞ்சம் வாசித்து, யுரேனஸின் வாலோடு ஒட்டிக் கேட்டோம். வழியில் கப்பல் மாறி ஏறியது போலிருந்தது.

"மெஷின் சத்தமே இல்லாம வாசிச்சா என்ன குடி முழுகிப்போகும்?" என்றார் டிரைவர். அதையும் செய்தோம். அண்ணன் கேட்டுவிட்டு, "கப்பல் நின்னுடுச்சு" என்றான்.

பழைய டேப்பிலிருந்து இரைச்சலை மட்டும் எடுக்கலாமே என்றார் வாத்தியார். ஆனால் எங்கும் நாங்கள் மேலேறி வாசித்துக்கொண்டிருந்தோம். இரைச்சல் தனியாக இருந்தது பூமிப் பாட்டின் தொடக்கத்தில் மட்டும், அதுவும் ஒரு மூச்சு நேரம். அதையே திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்தார். ஒட்டு வரும் இடத்திலெல்லாம் ஒரு விக்கல் விழுந்தது. "தண்ணி குடு அதுக்கு" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு அதற்குள் நெஞ்சில் கோளாறு தெரிந்திருந்தது. குளிருக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலையே அதுதான் என்று அவன் அவரிடம் சொல்லவில்லை. எங்களிடமும் நோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நெப்டியூனை முடிச்சிட்டு உக்காந்துடறேன்" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னானாம்.

பழைய மெஷின் பின்முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட ஆள் சொல்லியாகிவிட்டது. லாரி ஒரு ஞாயிறு மாலை வருவதாக ஏற்பாடு. அண்ணன் மேனேஜரிடம் போய், ஏற்றுவதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

"எதுக்குய்யா?"

"சும்மா. கேக்கறதுக்கு."

"ரிட்டையர் ஆன மனுஷனுக்கே இங்க யாரும் விழா எடுக்கல ஸ்வெட்டரு. மெஷினுக்கா?" என்று சொன்னவர், போகிற போக்கில், "லாரிக்காரனைக் காக்க வெக்காதே" என்றார். அதுவே அனுமதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் இல்லை. முற்றத்தின் மேல் வானம் வெள்ளையாக, தாழ இறங்கியிருந்தது. அண்ணன் மோட்டாருக்கு மின்சாரம் இழுத்து, பெல்ட்டை மாட்டினான். உள்ளே குளிர்விக்கும் வாயு இல்லை. வெறும் காற்றை இழுத்து வெறும் காற்றைத் தள்ளியது. பாரம் இல்லாததால் துள்ளிக்கொண்டு ஓடியது. சத்தம் பழைய இடத்தில் நிற்காமல் மேலே இருந்தது. காற்று வெளியேறும் வால்வைத் திருகி நெருக்கினால் பாரம் கூடும், வேகம் குறையும், சத்தம் இறங்கும். ஆனால் எதுவரை இறங்க வேண்டும்? கிட்டாரையும் கீபோர்டையும் புது மெஷினுக்கு ஏற்றிக் குழப்பியிருந்தோம். பழைய சுருதி இரண்டிலும் இல்லை. டேப் ஓட்டும் கருவியில் புது டேப் போட்டு, மைக்கெல்லாம் இணைத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய டேப்பைப் போட்டுக் கேட்க நேரமில்லை, லாரி வேறு வரப்போகிறது.

அண்ணன் என்னைப் பார்த்தான். "பாப்பா, நீ பாடு."

"எதை?"

"எதையும் பாடாதே. ம்ம்னு நில்லு."

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். எங்கே தேடுவது என்று பயமாக இருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிகளைத் துடைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எனக்கே தெரியாமல் நான் முனகிக்கொண்டிருந்தது அதைத்தான். இத்தனை ஆண்டுகள் மெஷின் எனக்குக் கொடுத்ததை நான் அதற்குத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் வால்வைத் திருகினான். என் தலைக்குள் நடுக்கம் வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, ஒரு கொடி ஆடி அடங்குவது போல நின்றது. அவன் வால்விலிருந்து கையை எடுத்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, வாத்தியார் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிட்டாரையும் கீபோர்டையும் இறக்கிக்கொண்டு வாசித்தோம். திறந்த முற்றத்தில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில். நெப்டியூனுக்கு ஒரே ஒரு வரி: 'இங்கிருந்து பார்த்தால் உங்கள் சூரியன் ஒரு நட்சத்திரம்.' 'மற்றபடி நலம்' இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரம் போனப்புறம் நலம் விசாரிக்கவா போறாங்க" என்றான். டிரம்ஸ் ஓய்ந்தது, கீபோர்டு ஓய்ந்தது, நான் ஓய்ந்தேன். கிட்டாரின் கடைசித் தந்தியும் அடங்கியது. இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அண்ணன் கையை உயர்த்தி, யாரும் அசையக் கூடாது என்று காட்டினான். நாங்கள் நின்றோம். வெகு நேரம் நின்றோம். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த முற்றம் எங்கோ மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதாகவும், சுவருக்கு அந்தப் பக்கம் தெரு இருக்காது என்றும் எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் லாரிக்காரர் வந்தார். பதிவு ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? "ஏத்தலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணன் உயர்த்திய கையை இறக்கி, "ம். ஏத்துங்க" என்றான். பிறகு சுவிட்சை அணைத்தான். டக் என்றது.

அது எல்லாமே டேப்பில் இருக்கிறது.

அதை அவன் தப்பாக நினைக்கவில்லை. முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று அவன் முன்பே தீர்மானித்திருந்தான். வாத்தியார் வீட்டில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் நகல் எடுக்கும்போது, இரைச்சலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது. "கப்பல் நிக்காது. நமக்குத்தான் கேக்காமப் போகும்" என்றான். லாரிக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஒலி முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும்.

சின்ன வேலை. மேலே நிற்கும் ஒரு குமிழைக் கீழே இழுப்பது. அவனுக்கு மட்டும் அது வரவில்லை. ஒவ்வொரு முறையும் "வேகமா போயிட்டேன்" என்பான். ஒருமுறை வாத்தியார் வீட்டு நாய் குரைத்து, கை உதறிவிட்டது. ஒருமுறை சரியாகவே வந்தது என்று நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்தோம். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்."

அந்த அடுத்த வாரம் வருவதற்குள்தான் அவன் டிரைவரின் வண்டியில் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் இருக்கையின் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு வந்தானாம். கண்ணாடியில் பார்த்த டிரைவர் எண்ணியிருக்கிறார். ஏழு. சனி. பாதி வழியில் விரல் நின்றது. அசந்துவிட்டான், எழுப்ப வேண்டாம் என்று, மேடு பள்ளத்தில் வண்டியை அலுங்காமல் கொண்டுபோயிருக்கிறார். "அவ்வளவு மெதுவா நான் ஓட்டினதே இல்ல தங்கச்சி" என்றார் என்னிடம். ஸ்வெட்டரைக் கழற்ற அன்றும் மறந்திருந்தான்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் வாத்தியார் எங்களைக் கூப்பிட்டார். அண்ணியும் வந்தாள். ஆறு பாட்டையும் வரிசையாகப் போட்டார். அண்ணி முழுதாக உட்கார்ந்து கேட்டது அதுவே முதல் முறை. சுவரில் சாய்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். அவளுடைய சக்களத்தி அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. செவ்வாயில் பெருக்க ஆளில்லை என்று வந்தபோது, "இங்க மட்டும் பெருக்கினாரா" என்றாள். அழுகையினூடே எல்லோரும் சிரித்தோம்.

நெப்டியூன் முடிந்து இரைச்சல் மட்டும் மிஞ்சியது. பிறகு லாரிக்காரர். "ஏத்தலாமா சார்?"

"ம். ஏத்துங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு பாட்டிலும் அண்ணன் வாசித்திருக்கிறான். வாய் திறந்தது அங்கே மட்டும்தான். அவன் குரல் வேறெந்த டேப்பிலும் இல்லை.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "மூல டேப் அப்படியே இருக்கும்மா. அது எங்கயும் போகாது. நகல்லதான் குறைக்கப் போறோம். அவன் ஆசை அதுதானே. ஆல்பம் முடிஞ்சிடும்."

"அப்ப நீங்க குறைங்க வாத்தியாரே" என்றார் டிரைவர்.

"நான் கட்டை அமுக்கறவன். நீ பண்ணு."

"எனக்குப் பிரேக் போட்டுத்தான் பழக்கம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுருதி உன்னிடம்தானே இருக்கிறது என்பது போல. நான் மிக்ஸர் முன் உட்கார்ந்து, குமிழின் மேல் விரலை வைத்தேன். அவன் விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் மழமழப்பாகியிருந்தது. வாத்தியார் டேப்பை ஓட்டினார். இரைச்சல் வந்தது. இப்போது இழுக்கலாம், இன்னும் கொஞ்சம் போகட்டும், இப்போது, என்று இருந்தேன். லாரிக்காரர் கேட்டார். அவன் பதில் சொன்னான். டக் என்றது.

"இன்னொருமுறை போடுங்க வாத்தியாரே" என்றாள் அண்ணி. வாத்தியார் டேப்பைப் பின்னால் சுற்றினார்.

அதன்பின் பல ஞாயிறுகள் போயிருக்கிறேன். மற்ற ஐந்து பாட்டுகளின் நகலும் முடிந்து, பெட்டியில் தயாராக இருக்கிறது. நெப்டியூனின் குமிழை இன்னும் யாரும் கீழே இழுக்கவில்லை.